முதல் வேலை, முதல் கையெழுத்து

வணக்கம் மேடம்,

திண்டுக்கல் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் பி.எஸ்சி. நர்சிங் முடித்திருக்கிறேன். கடைசி செமஸ்டர் ரிசல்ட் வந்துவிட்டது. அப்பா மில் தொழிலாளி. ஃபீஸ் பாக்கி இருப்பதால் பிளஸ் டூ மார்க் ஷீட்டைத் தரமாட்டோம் என்கிறது கல்லூரி. சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனை ஐ.சி.யு.வில் வேலை தருவதாகச் சொல்கிறது. மாதம் 17,000, இரண்டு வருட பாண்ட், ஒரிஜினல் சான்றிதழ்களை அவர்களிடம் கொடுக்க வேண்டுமாம். எங்கள் ஊரில் 20 படுக்கை உள்ள நர்சிங் ஹோமில் 12,000 தருகிறார்கள். சித்தப்பாவுக்குத் தெரிந்த ஏஜென்ட் ஒருவர் 5 லட்சம் கொடுத்தால் வளைகுடாவுக்கு அனுப்புகிறேன் என்கிறார். அக்கா நேரே எம்.எஸ்சி. சேரச் சொல்கிறாள். அம்மா வீட்டில் இருந்து, மாநில அரசு வேலைக்கான எம்.ஆர்.பி. பரீட்சைக்குப் படி என்கிறார். எனக்கோ இன்னும் தனியாகக் கேன்யுலா (மருந்து ஏற்ற ரத்தக்குழாயில் செருகும் சிறு குழாய்) போடவே கை நடுங்குகிறது. எதை முதலில் செய்வது மேடம்?

செ.

அன்புள்ள செ.வுக்கு,

உன் கடிதத்தில் ஐந்து கேள்விகள் இருக்கின்றன. ஆனால் இந்த மாதம் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான். உன் காகிதங்கள் எல்லாம் உன் கைக்கு வர வேண்டும். அவற்றைக் கொண்டு மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். டிகிரி வாங்கியதாலேயே நீ நர்ஸ் ஆகிவிடவில்லை. 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் தமிழ்நாடு செவிலியர், தாதியர் குழுமத்தில் உன் பெயர் ஏறிய பிறகுதான் ஆர்.என்., ஆர்.எம். (பதிவு பெற்ற செவிலியர், தாதி) என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள முடியும். பல கல்லூரிகள் மொத்த பேட்ச்சுக்கும் சேர்த்து விண்ணப்பிக்கின்றன. உன் கல்லூரி விண்ணப்பித்துவிட்டதா, எந்தத் தேதியில், ரசீது எங்கே என்று கேட்டு வாங்கு. 'அனுப்பியாச்சும்மா' என்ற வாய்ச்சொல்லை நம்பி மாதக்கணக்கில் காத்திருந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். பதிவு முடிந்ததும் இந்திய நர்சிங் கவுன்சிலின் பதிவேட்டில் ஆதாரோடு இணைத்து என்.யு.ஐ.டி. எண் ஒன்று தருவார்கள். அதையும் விட்டுவிடாதே.

விண்ணப்பம் போடும் முன்பு உன் பெயரைப் பார். சிரிக்காதே. நம் ஊர்ப் பிள்ளைகள் வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கும்போது அதிகம் மாட்டிக்கொள்வது இனிஷியலில்தான். பிளஸ் டூ சான்றிதழில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து, ஆதாரில் பெயருக்குப் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, கல்லூரிச் சான்றிதழில் இடையில் ஒரு 'ஹெச்' கூடுதலாக. இங்கே யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். வெளிநாட்டு வேலைக்காகச் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் டேட்டாஃப்ளோ நிறுவனத்துக்கு அனுப்பும்போது இரண்டும் ஒரே ஆள்தானா என்று கேட்டுக் கோப்பு திரும்பி வரும். அப்போது பல்கலைக்கழகம், கவுன்சில், பாஸ்போர்ட் அலுவலகம் என்று லீவு போட்டுவிட்டு அலைய வேண்டும். இப்போதே எல்லாவற்றிலும் ஒரே மாதிரி ஆக்கிக்கொள். மார்க் ஷீட்டோடு, ஒவ்வொரு பாடத்துக்கும் வகுப்பு எத்தனை மணி, வார்டு எத்தனை மணி என்று காட்டும் டிரான்ஸ்கிரிப்ட்டையும் வாங்கி வை. அமெரிக்கா, ஜெர்மனி என்று என்றைக்காவது எண்ணம் வந்தால் அந்த மணிக்கணக்கைத்தான் கேட்பார்கள்.

பிளஸ் டூ மார்க் ஷீட் விஷயத்துக்கு வருகிறேன். ஃபீஸ் பாக்கி கடன்தான், அதைக் கட்டத்தான் வேண்டும். அதற்காகச் சான்றிதழைப் பிடித்துவைக்க யாருக்கும் உரிமை இல்லை. படிப்புச் சான்றிதழ் அடகுப் பொருள் அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அப்பாவைக் கூட்டிக்கொண்டு போ. பாக்கியைத் தவணையில் கட்டுகிறோம், சான்றிதழைத் தாருங்கள் என்று முதல்வருக்கு எழுத்தில் கொடு. நகலில் முத்திரையும் தேதியும் வாங்கு. வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒரு நகலை டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கும் அனுப்பு. பெரும்பாலும் அந்த இரண்டாவது நகலுக்குப் பிறகு குரல் தணியும். அதுவரை டிஜிலாக்கரில் உன் மார்க் ஷீட் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்.

இதே காரணத்துக்காகத்தான் சென்னை மருத்துவமனையிலும் ஒரிஜினலைக் கொடுக்காதே என்கிறேன். சரிபார்க்கக் காட்டு, நகலில் கையெழுத்துப் போட்டுக் கொடு, ஒரிஜினலைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வா. பாண்ட் பத்திரத்தைக் கையெழுத்துப் போடும் முன்பு வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்க வேண்டும் என்று கேள். நடுவில் நின்றால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுப்படி, எழுதிய தொகை முழுவதும் அவர்களுக்கு உரியது என்று ஆகிவிடாது. நியாயமான இழப்பீடுதான் கேட்க முடியும். இதையெல்லாம் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடும் பெண்ணும், பயந்துபோய்க் கையெழுத்துப் போடும் பெண்ணும் ஒரே இடத்தில் வேலை செய்தாலும் நடத்தப்படுவது ஒரே மாதிரி இருக்காது.

சம்பளம் பற்றி எனக்குக் கோபம் உண்டு. 2016-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதன்பேரில் மத்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனை, மாநில அரசு நர்சுக்கு இணையான சம்பளம் தர வேண்டும். 50 படுக்கைக்குக் குறைவான இடத்தில்கூட 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. அது வந்து இத்தனை வருடம் ஆகியும், 200 படுக்கைக்கு மேல் வைத்திருக்கிற இடங்களே உனக்கு 17,000 பேசுகின்றன. உன் உழைப்புக்கு அது குறைவு. குறைவு என்று தெரிந்தேதான், அந்த வேலையைப் பார் என்று சொல்லப்போகிறேன்.

ஏன் என்றால், முதல் வேலையில் நீ வாங்குவது சம்பளம் மட்டுமல்ல. உன் ஊர் நர்சிங் ஹோமில் ராத்திரி டூட்டியில் அநேகமாக நீ ஒருத்திதான் இருப்பாய். மூன்று மணிக்கு ஒருவருக்கு பி.பி. இறங்குகிறது என்றால் கேட்க ஆள் இருக்காது. அனுபவம் உள்ள நர்சுக்கு அது நல்ல இடம். நேற்றுப் படித்து முடித்த பெண்ணுக்கு ஆபத்தான இடம், நோயாளிக்கு அதைவிட ஆபத்து. உனக்கு இப்போது தேவை, பக்கத்துக் கட்டிலில் இருந்து உன் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு சீனியர்.

நான் வேலை பார்த்த ஒரு வார்டில் நடந்ததைச் சொல்கிறேன். புதிதாகச் சேர்ந்த பெண் இன்சுலின் ஏற்றிக்கொண்டிருந்தாள். ஆர்டர் 10 யூனிட். சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை சரியாக எடுத்திருந்தாள். இன்சார்ஜ் சிஸ்டர் நடந்து போகிற போக்கில் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். சிரிஞ்ச் சிவப்பு மூடி போட்டது, அதாவது ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள மருந்துக்கானது. அவள் கையில் இருந்த வயலோ (மருந்துக் குப்பி) ஒரு மில்லியில் 100 யூனிட் உள்ளது. சிரிஞ்சில் 10 என்று தெரிந்தது உண்மையில் 25 யூனிட், இரண்டரை மடங்கு. சிஸ்டர் திட்டவில்லை. வயலையும் சிரிஞ்சையும் அவள் கண்ணுக்கு நேராகப் பிடித்து, 'ரெண்டையும் சத்தமா படி' என்றார். அதற்குப் பிறகு அந்தப் பெண் எந்த வார்டுக்குப் போனாலும் சத்தமாகப் படித்துவிட்டுத்தான் ஊசியை எடுப்பாள். கல்லூரியில் இதைச் சொல்லித்தரவில்லையா என்றால், சொல்லித்தந்தார்கள். பரீட்சையில் அவள் எழுதியும் இருப்பாள்.

அதனால் இன்டர்வியூவில் நீயும் கேள்வி கேள். ஐ.சி.யு.வில் வென்டிலேட்டர் நோயாளிக்கு ஒரு நர்ஸா, இரண்டு நோயாளிக்கு ஒருவரா, மூன்றா? தனியாக நோயாளியைத் தரும் முன்பு எத்தனை வாரம் சீனியரோடு விடுவீர்கள்? நைட்டில் எத்தனை வருட அனுபவம் உள்ளவர் ஷிஃப்ட்டில் இருப்பார்? இந்தக் கேள்விகளுக்கு நேராகப் பதில் சொல்கிற நர்சிங் சூப்பரின்டென்டென்ட் இருந்தால், கட்டடம் பழசாக இருந்தாலும் சேர். முகம் சுளித்தால் வேறு மருத்துவமனையில் கேள். சென்னையில் அது ஒன்றுதான் இருக்கிறதா என்ன?

கேன்யுலாவுக்கு நடுங்குவதைப் பற்றிக் கவலைப்படாதே, அது கைப்பழக்கம். போடப் போட வந்துவிடும். நான் புதிய பெண்களிடம் பார்ப்பது வேறு. சார்ட்டைத் திறந்தால் எல்லா நோயாளிக்கும் மூச்சு 20 என்று எழுதியிருக்கும். காலை 20, மதியம் 20, ராத்திரி 20. யாரும் எண்ணுவதில்லை. நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் பார்த்து எண்ணு. பி.பி. இறங்கும் முன்பே, ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவான சாச்சுரேஷன் குறையும் முன்பே, மூச்சு 20-இலிருந்து 26, 28 என்று ஏறியிருப்பதைப் பல நோயாளிகளிடம் பார்க்கலாம். டாக்டரைக் கூப்பிட்டு 'பேஷன்ட் ஒரு மாதிரி இருக்கார் சார்' என்பதற்கும், 'ஆறு மணிக்கு 18 இருந்த மூச்சு இப்ப 28 சார்' என்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று அன்றைக்குத் தெரியும்.

அம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் வீட்டில் உட்கார்ந்து படிக்காதே, டூட்டி பார்த்துக்கொண்டே படி. எம்.ஆர்.பி. என்றால் உடனே நிரந்தர வேலை என்று அம்மா நினைத்துக்கொண்டிருக்கலாம். 2015-இல் தேர்வு எழுதிச் சேர்ந்த ஆயிரக்கணக்கான நர்சுகள் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில்தான் தொடங்கினார்கள். 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் கூடிப் போராடித்தான் ஊதியத்தைக் கூட்டவைத்தார்கள். கொரோனாவின்போது ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டவர்களில் ஏராளமானோருக்கு 2022 டிசம்பரோடு வேலை போனது. இதைத் தெரிந்துகொண்டு எழுது. கூடவே எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கு நர்ஸ் எடுக்க எய்ம்ஸ் நடத்தும் நார்செட் தேர்வையும் எழுது. பி.எஸ்சி. முடித்தவருக்கு அதில் முன் அனுபவம் கேட்பதில்லை. அடிப்படைச் சம்பளம் 44,900-இல் தொடங்குகிறது, முதல் நாளிலிருந்தே முறையான அரசு வேலை. வடக்கே போக வேண்டியிருக்கலாம், பிரிலிம்ஸ், மெயின்ஸ் என்று இரண்டு கட்டமாகக் கேட்பார்கள். வார்டில் நின்றுகொண்டே படித்தவளுக்கு அந்தக் கேள்விகள் பாடமாகத் தெரியாது, நேற்றுப் பார்த்த நோயாளியாகத் தெரியும்.

எம்.எஸ்சி. இப்போது முடியாது, அக்காவிடம் சொல்லிவிடு. பி.எஸ்சி.க்குப் பிறகு ஒரு வருடமாவது வேலை பார்த்திருக்க வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் விதி. நல்ல விதி. வார்டைப் பார்க்காமல் டியூட்டர் ஆகிறவர் மாணவிக்கு எதைக் கற்றுக்கொடுப்பார்? ஐ.சி.யு. உனக்குப் பிடித்துப்போனால் நர்ஸ் பிராக்டிஷனர் இன் கிரிட்டிகல் கேர் என்ற இரண்டு வருட முதுநிலைப் படிப்பு இருக்கிறது. அதில் பெரும்பகுதி கட்டில் பக்கத்திலேயே நின்று படிப்பது. அதற்கும் ஒரு வருட அனுபவம் வேண்டும்.

ஏஜென்ட்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதே. பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய உச்ச கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். ஐந்து லட்சம் கேட்கிறவர் தன்னைப் பற்றித் தானே சொல்லிவிட்டார். நர்சுகளிடம் நடந்த இந்தக் கொள்ளையால்தான், சவூதி, குவைத், அமீரகம் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு நர்ஸ் அனுப்புவதை 2015-இல் மத்திய அரசு அரசு நிறுவனங்களிடம் ஒப்படைத்தது. நமக்கு அது கிண்டியில் இருக்கும் தமிழ்நாடு அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். 'விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம்' என்று யார் சொன்னாலும், சித்தப்பாவே சொன்னாலும், எழுந்து வந்துவிடு. இரண்டு வருட ஐ.சி.யு. அனுபவமும், ஓ.இ.டி., ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வுகளில் ஒன்றும் கையில் இருந்தால் பல கதவுகளை நீயே தட்டலாம். ஆங்கிலத்துக்கு இன்றிலிருந்தே தினம் அரை மணி நேரம் ஒதுக்கு. ஓ.இ.டி.யில், நோயாளியின் கேஸ் நோட்ஸிலிருந்து கடிதம் எழுதும் பகுதியில்தான் நம் பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள்.

கல்லூரியிலிருந்து மார்க் ஷீட் வந்ததா என்று எழுது. சென்னை இன்டர்வியூவில் நோயாளி–நர்ஸ் கணக்கு என்ன சொன்னார்கள் என்பதையும், பாண்ட் பத்திரத்தின் நகல் ஒன்றையும் அனுப்பு. கையெழுத்துப் போடும் முன்பு நானும் ஒருமுறை படித்துவிடுகிறேன்.

அன்புடன்.