நான்கு ஆண்டா, ஓர் ஆண்டா? வேலையை விடும் முன் இதைக் கேளுங்கள்

கேள்வி: அக்கா, எனக்கு வயது 38. சாட்ஸ்வர்த்தில் குடியிருக்கிறோம். டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2009இல் மெக்கானிக்கல் எஞ்சினியரிங் டிப்ளமா முடித்தேன். இப்போது ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் வேலை. சம்பளம் 28,000 ராண்ட், பிடித்தம் போகக் கைக்கு வருவது 22,000. மனைவிக்கு 11,000 வருகிறது. வீட்டுக்கடன் தவணை 8,200. ஏழாம் வகுப்புப் படிக்கும் மகளின் டெக்னாலஜி பாடத்துக்காக, இரண்டு சிரிஞ்சுகளும் தண்ணீரும் அட்டையும் வைத்து, நசுங்கிய காரைப் பிளந்து ஆளை மீட்கும் கருவியின் மாதிரியைச் செய்ய உதவினேன். ஆசிரியை என்னையே வகுப்புக்கு அழைத்து விளக்கச் சொன்னார். அன்றிலிருந்து இந்தப் பாடத்துக்கு ஆசிரியர் ஆக வேண்டும் என்ற ஆசை விடவில்லை. ஜனவரியில் வேலையை விட்டுவிட்டு நான்கு ஆண்டு பி.எட். சேரலாமா? ஓய்வூதிய நிதியின் சேமிப்புப் பானையில் (ஓய்வுக்கு முன்பே எடுக்கக்கூடிய பகுதியில்) இருக்கும் 30,000 ராண்டை எடுத்துக் கட்டணம் கட்டலாமா? மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.

பதில்: தம்பி, ஆசையைக் கைவிடச் சொல்ல மாட்டேன். ஆனால் ராஜினாமாக் கடிதத்தை எழுத வேண்டாம். பி.எட்.டில் சேரவும் அவசரப்பட வேண்டாம். உங்கள் கையில் இருக்கும் டிப்ளமாவின் மதிப்பு உங்களுக்குத் தெரியவில்லை என்றே நினைக்கிறேன்.

இங்கே தென்னாப்பிரிக்காவில் ஆசிரியராகத் தகுதி பெற இரண்டு வழிகள் இருக்கின்றன. மெட்ரிக், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கு நான்கு ஆண்டு, 480 கிரெடிட் (படிப்பின் அளவைக் காட்டும் எண்) கொண்ட பி.எட். ஏற்கெனவே பட்டமோ பொருத்தமான மூன்றாண்டு டிப்ளமாவோ வைத்திருப்பவருக்கு, அதன்மேல் ஓராண்டு, 120 கிரெடிட் கொண்ட பி.ஜி.சி.இ. என்னும் ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ். சம்பளம் நிர்ணயிக்கும்போது கல்வித்துறை பார்ப்பது மெட்ரிக்குக்குப் பின் நான்கு ஆண்டுப் பயிற்சி இருக்கிறதா என்பதையே, ஆசிரியரின் கல்வித் தகுதியை அளக்கும் எண்ணில் ஆர்.இ.க்யூ.வி. 14 என்று சொல்வது அதைத்தான். உங்கள் மூன்றாண்டோடு ஓராண்டு சேர்ந்தால் நான்கு. பி.எட். முடித்து வரும் இளைஞர் தொடங்கும் அதே படியில் நீங்களும் தொடங்கலாம்.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. ஆசிரியர் கல்விக்கான தேசிய விதி டிப்ளமாவை ஏற்றாலும், தங்களுக்குப் பட்டம்தான் வேண்டும் என்று கேட்கும் பல்கலைக்கழகங்களும் உண்டு. அதோடு, நீங்கள் கற்பிக்கப் போகும் பாடத்துக்கான அடிப்படை உங்கள் மதிப்பெண் பட்டியலில் இருக்க வேண்டும். ஏழு முதல் ஒன்பது வரை டெக்னாலஜி தனிப்பாடம். பத்து முதல் பன்னிரண்டு வரை அது எஞ்சினியரிங் கிராஃபிக்ஸ் அண்ட் டிசைன், மெக்கானிக்கல், சிவில், எலெக்ட்ரிக்கல் டெக்னாலஜி என்று பிரிகிறது. கட்டமைப்புகள், பொருள்களைப் பதப்படுத்துதல், இயந்திர அமைப்புகள், மின் அமைப்புகள் ஆகியவைதான் டெக்னாலஜி பாடத்தின் அடித்தளம். டிப்ளமாவில் நீங்கள் படித்த எஞ்சினியரிங் ட்ராயிங்கும் ஹைட்ராலிக்ஸும் இங்கே உங்களுக்காகப் பேசும். மகளின் சிரிஞ்சுக் கருவி வேலை செய்வதும் அதே ஹைட்ராலிக்ஸில்தானே!

ஆகவே இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. மதிப்பெண் பட்டியலின் சான்றளிக்கப்பட்ட நகலை எடுத்து, தொலைநிலைக் கல்வி தரும் யூனிசா பல்கலைக்கழகத்துக்கும் பைன்டவுன் அருகே எட்ஜ்வுட் வளாகத்தில் இருக்கும் குவாசுலு-நடால் பல்கலைக்கழகக் கல்வித்துறைக்கும் அனுப்புங்கள். இந்த டிப்ளமாவோடு பி.ஜி.சி.இ.யில் சேர முடியுமா, டெக்னாலஜியையும் மெக்கானிக்கல் டெக்னாலஜியையும் என் பாடங்களாக எடுக்க முடியுமா, பகுதிநேரமாகப் படிக்க முடியுமா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் 'சரியாக இருக்கும்' என்று யாரோ சொன்னதை நம்பி வேலையை விட்டு, பிறகு தலையில் கை வைத்து உட்கார்ந்தவர்கள் என் மேசைக்கு எதிரில் அமர்ந்திருக்கிறார்கள். 'டிப்ளமா போதாது' என்று பதில் வந்தாலும் கலங்க வேண்டாம். இடையில் ஓராண்டு அட்வான்ஸ்டு டிப்ளமா முடித்துவிட்டுத் திரும்பக் கேட்கலாம்.

இப்போது கணக்குக்கு வருவோம். நீங்கள் கட்டணத்தை மட்டும் நினைத்துக் கவலைப்படுகிறீர்கள். உண்மையான செலவு நின்றுபோகும் சம்பளம்தான். நான்கு ஆண்டு முழுநேரம் படித்தால் 48 மாதம், மாதம் 22,000 வீதம் 10 லட்சத்து 56 ஆயிரம் ராண்ட் வீட்டுக்கு வராது. ஓராண்டு முழுநேர பி.ஜி.சி.இ. என்றால் 2 லட்சத்து 64 ஆயிரம். வேலையில் இருந்தபடியே இரண்டு ஆண்டில் தொலைநிலையில் முடித்தால் எவ்வளவு? அங்கேதான் யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒரு கணக்கு இருக்கிறது. பி.ஜி.சி.இ.க்குக் குறைந்தது 8 வாரம், அதிகபட்சம் 12 வாரம் பள்ளியில் பயிற்சி எடுக்க வேண்டும். 8 வாரம் என்றால் 40 பள்ளி நாட்கள். வாரம் ஐந்து நாள் வேலை செய்பவருக்குச் சட்டப்படியான குறைந்தபட்ச ஆண்டு விடுப்பு 15 வேலை நாட்கள். இரண்டு ஆண்டுக்கும் சேர்த்து 30. மீதி 10 நாட்களுக்குச் சம்பளமில்லா விடுப்பு; பிடித்தத்துக்கு முந்தைய சம்பளத்தில் ஏறத்தாழ 13,000 ராண்ட் இழப்பு. இரண்டு ஆண்டு குடும்பத்தோடு விடுமுறை என்ற பேச்சே இருக்காது என்பதையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். விடுப்பைப் பள்ளித் தவணைக்கு ஏற்றபடி தர மேலாளர் சம்மதிக்கிறாரா என்று முதலிலேயே கேட்டு வையுங்கள்.

சேமிப்புப் பானையைத் தொட வேண்டாம். 2024 செப்டம்பரில், ஓய்வூதிய நிதியைச் சேமிப்புக்கு ஒன்று, ஓய்வுக்கு ஒன்று என்று பிரிக்கும் இந்த இரண்டு பானை முறை வந்ததிலிருந்து அதை வங்கிக் கணக்குபோல நினைப்பவர்கள் பெருகிவிட்டார்கள். நீங்கள் எடுக்கும் பணம் அந்த ஆண்டு வருமானத்தோடு சேர்ந்துவிடும். உங்கள் வரிப்படியில் 26 விழுக்காடு, அதாவது 7,800 ராண்ட் வரிக்குப் போய்விடும். நிர்வாகக் கட்டணத்துக்கு முன்பே கைக்கு வருவது 22,200தான். அதே 30,000 ஆண்டுக்கு 8 விழுக்காடு வளர்ந்தால் உங்கள் 63 வயதில் இரண்டு லட்சத்தைத் தாண்டியிருக்கும். இரண்டு ஆண்டாகப் பிரித்துக் கட்டும் கட்டணத்தை மாதச் சம்பளத்திலிருந்தே ஒதுக்க முடியும். முடியாத மாதம் வந்தால், அப்போது அந்தப் பானையைப் பற்றிப் பேசுவோம்.

வேலையை விட்டால் இழப்பது சம்பளம் மட்டும் அல்ல. தானாக ராஜினாமா செய்தவர் வேலையின்மைக் காப்பீட்டில் பணம் கோர முடியாது. ஓய்வூதிய நிதியோடு ஆயுள், ஊனக் காப்பீடும் சேர்ந்திருந்தால் அதுவும் நின்றுவிடும். வீட்டுக்கடன் இருக்கும் குடும்பத்துக்கு அது சின்ன விஷயம் இல்லை. என்றைக்காவது வேலை மாறும்போது, நிதியில் இருக்கும் பணத்தைக் கையில் வாங்காமல், அதை ஓய்வுக்காகக் காத்துவைக்கும் பிரிசர்வேஷன் ஃபண்டுக்கு மாற்றிவிடுங்கள்.

ஆசிரியர் பயிற்சிக்கு அரசு தரும் ஃபுன்ஸா லுஷாகா உதவித்தொகையைப் பலரும் உங்களிடம் சொல்வார்கள். டெக்னாலஜி அதன் முன்னுரிமைப் பாடங்களில் ஒன்று. உதவி பெற்ற ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓராண்டு அரசுப் பள்ளியில் வேலை செய்ய வேண்டும், தவறினால் வட்டியோடு கடனாகிவிடும். வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் 38 வயதுக்காரர் அதை வரவில் எழுதிவைக்கக் கூடாது. மகளும் உங்கள் வழியில் வர விரும்பினால், பத்தாம் வகுப்பில் கணிதத்தை விட்டுவிட்டு, அன்றாடக் கணக்கை மட்டும் கற்பிக்கும் மேத்ஸ் லிட்ரசிக்குப் போக விடாதீர்கள்.

படிப்பு முடிந்ததும் அரசு வேலை காத்திருக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். பட்ஜெட் நெருக்கடியால் வெஸ்டர்ன் கேப் மாகாணம் 2025க்கு 2,407 ஆசிரியர் பணியிடங்களைக் குறைத்தது. பள்ளி நிர்வாகக் குழுவே சம்பளம் தரும் பணியில் சேர்ந்தால் அரசு ஓய்வூதிய நிதி கிடையாது. அரசுப் பணி என்றால் அந்த நிதிக்குச் சம்பளத்தில் உங்கள் பங்கு 7.5 விழுக்காடு, அரசின் பங்கு 13. பிறந்த மாதத்தில் பதின்மூன்றாவது சம்பளம். இரண்டுக்கும் உள்ள இடைவெளி பெரியது. அதனால்தான் பணி நியமனக் கடிதம் கைக்கு வரும் வரை தொழிற்சாலை வேலை இருக்கட்டும் என்கிறேன். ஆசிரியர் மன்றத்தில் பதிவு செய்யக் காவல்துறைச் சான்றிதழ் வேண்டும். கடைசி ஆண்டிலேயே அதற்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

இன்னொன்று. ஆங்கிலத்தில் கற்பிக்கப் போகிறவர் ஓர் ஆப்பிரிக்க மொழியிலோ தென்னாப்பிரிக்கச் சைகை மொழியிலோ உரையாடத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பது விதி. அரசியல் சட்டத்தில் நம் தமிழின் பெயர் இருந்தாலும் இதற்கு அது கணக்கில் வராது. பட்டறையில் சக தொழிலாளர்களோடு பேசும் சுலு இங்கே உங்களுக்குக் கைகொடுக்கும்.

மனைவியிடம் இன்றே சொல்லுங்கள். நீங்கள் கூட்டுச் சொத்து முறையில் திருமணம் செய்தவர்கள் என்றால், நீங்கள் வாங்கும் கல்விக்கடன் அவருக்கும் சேர்த்துத்தான். கடனே வாங்காவிட்டாலும், அந்த 10 நாள் சம்பளக் குறைவையும், விடுமுறை இல்லாத இரண்டு டிசம்பர்களையும், நீங்கள் சாப்பாட்டு மேசையில் புத்தகத்தோடு உட்காரும் இரவுகளையும் உங்களோடு சேர்ந்து தாங்கப் போகிறவர் அவர். நான்கு ஆண்டு, ஓர் ஆண்டு, வேலையோடு இரண்டு ஆண்டு என்ற மூன்று வழிகளுக்கும் மேலே சொன்ன சம்பள இழப்பை ஒரு தாளில் எழுதி அவர் முன் வையுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். பல்கலைக்கழகப் பதிலையும் இணைத்து அனுப்பினால், மாதம் எவ்வளவு ஒதுக்கலாம் என்பதைச் சேர்ந்தே கணக்கிடுவோம்.