டிரைன் போல்ட்டு அசையலையா, பைப்பைக் கீழ வைங்க மொதல்ல

கேள்வி: அண்ணே, எங்க அப்பா வாங்குன மூணு சிலிண்டர் டிராக்டர், இன்னும் உழவுக்கு அதுதான். இன்ஜின் ஆயில் மாத்தலாம்னு சம்ப்புக்கு (இன்ஜினுக்குக் கீழ ஆயில் தங்கற தொட்டி) அடியில இருக்கற டிரைன் போல்ட்ட கழட்டப் போனா அசையவே மாட்டேங்குது. பக்கத்து தோட்டத்துக்காரரு ஸ்பேனர்ல நாலடி பைப்ப மாட்டி அழுத்துனதுல தலை முனையெல்லாம் மழுங்கிப் போச்சு. ஒருத்தரு கேஸ் வச்சு சூடு பண்ணுங்கறாரு, இன்னொருத்தரு டிரில் போட்டுடுங்கறாரு. மாங்கா லோடு ஆரம்பிக்கப் போகுது, பேசாம மேல புது ஆயில ஊத்திக்கிட்டு ஓட்டிடலாமா?
— வாசகர், காரிமங்கலம்

பதில்: மேல ஊத்தி ஓட்டறத மொதல்ல மறந்துடுங்க தம்பி, பழைய ஆயில்ல இருக்கற கரியும் கசடும் எங்கயும் போகாது, புதுசும் ரெண்டு நாள்ல கருத்துடும், அவ்ளோதான் லாபம்.

இப்ப போல்ட்டுக்கு வருவோம். எல்லாரும் துருன்னு நெனச்சு துரு எளக்கற ஸ்பிரேயா அடிச்சுத் தள்றாங்க. ஆனா இந்த போல்ட்டோட மரை உள்பக்கம் எப்பவும் ஆயில்ல ஊறிக்கிட்டுதானே இருக்கு, அங்க துரு எப்படிப் பிடிக்கும்? பெரும்பாலும் நடக்கறது என்னன்னா போன தடவ மாட்டுனவரு ஒழுகக்கூடாதுன்னு பைப்ப போட்டு இறுக்கியிருப்பாரு, வாஷர் நசுங்கி தலைக்கும் சம்ப்புக்கும் நடுவுல கவ்விக்கிட்டு இருக்கும். அதனால ஸ்பிரே அடிக்கறது தப்பில்ல, ராத்திரி அடிச்சு விடுங்க, ஆனா அதையே நம்பி உக்காந்திருக்காதீங்க, இந்த எடத்துல தட்டறதுதான் வேலைக்கு ஆகும்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு, சிரிக்காதீங்க, திருப்பற பக்கம் சரியான்னு பாருங்க. வண்டிக்கு அடியில படுத்து போல்ட்டு தலைய நேரா பாத்தா கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கம் திருப்பணும். வெளிய குந்திக்கிட்டு கைய மட்டும் உள்ள விட்டு திருப்பறவங்க பாதிப்பேரு இன்னும் இறுக்கிட்டுதான் வருவாங்க.

மாஸி 1035 மாதிரி இங்கிலாந்து டிசைன்ல வந்த பழைய வண்டிங்கள்ல இஞ்ச் சைஸ் போல்ட்டு நிறைய இருக்கும். 7/8 இஞ்ச்ன்னா 22.2 மில்லிமீட்டர், 22 ஸ்பேனர் உள்ள போகாது, உடனே 23, 24ன்னு கையில கெடச்சத மாட்டுவாங்க, அது லூசா இருக்கும், முனை மழுங்கறது அங்கதான் ஆரம்பம். உங்களுதும் அப்படித்தான் ஆகியிருக்கும்னு தோணுது.

சரி, செய்ய வேண்டியது. மண்ணு கிரீசெல்லாம் கம்பி பிரஷ் போட்டு சுத்தமா எடுங்க. இன்ஜின ஒரு பத்து நிமிஷம் ஓட்டி வெதுவெதுப்பாக்கி நிறுத்துங்க, கொதிக்கற அளவுக்கு வேணாம், கழண்டா உங்க கைமேலதான் ஊத்தும். கியர்ல போட்டு, சக்கரத்துக்கு முன்னயும் பின்னயும் கல்லு வைங்க. டிராக்டருக்கு அடியில எடம் தாராளமா இருக்கு, ஜாக்கி போட்டு தூக்க வேண்டிய அவசியமே இல்ல. அப்பறம் போல்ட்டு தலைமேல ஒரு இரும்புக் கம்பிய நேரா வச்சு சுத்தியால நாலஞ்சு தட்டு தட்டுங்க, பலமா இல்ல, டக் டக்குன்னு கேக்கணும். பழைய சம்ப்பு பலதும் வார்ப்பு இரும்பு, கண்டபடி அடிச்சா விரிசல் விட்டுடும். தட்டிட்டு ஆறு மூலை பாக்ஸ் ஸ்பேனர்ல, அதுவும் மழுங்குன தலைக்கு துளியூண்டு சின்னதா, இறுக்கமா இருக்கறத தட்டி ஏத்தி, மொதல்ல இறுக்கற பக்கம் லேசா ஒரு அசைப்பு, அப்பறம் கழட்டற பக்கம். இறுக்கற பக்கம் அசைஞ்சாலே பாதி ஜெயிச்சீங்க.

அதுக்கும் மசியலைன்னா தலை ஓரத்துல உளிய சாய்ச்சு வச்சு கழட்டற பக்கமா அடிச்சுப் பாக்கலாம். அதுவும் ஆகலைன்னா வெல்டிங்காரர கூப்பிட்டு தலைமேல ஒரு நட்ட வச்சு வெல்டு பண்ணச் சொல்லுங்க, அந்த சூட்டுலயே பாதி எளகிடும், நட்டுல புது ஸ்பேனர் போட்டு திருப்பிக்கலாம். ஆனா அதுக்கு முன்னாடி டிப் ஸ்டிக் (ஆயில் அளவு பாக்கற கம்பி) ஓட்டை வழியா குழாய் விட்டு ஆயில உறிஞ்சி எடுத்துடணும், பேட்டரி ஒயர கழட்டணும், பக்கத்துல மணல் வாளி வேணும். ஆயில் நனைஞ்ச எடத்துல நீங்களா கேஸ் வச்சு சூடு பண்ற வேலைய மட்டும் வச்சுக்காதீங்க. டிரில்லு கடைசி வழி, துருவல் உள்ள விழுந்தா சம்ப்ப எறக்கித்தான் கழுவணும், பல பழைய வண்டியில முன் ஆக்சில் பாரமே சம்ப்பு மேல நிக்கும், எறக்கறது ஒரு நாள் வேலை இல்ல.

லோடு அவசரம்னா இப்போதைக்கு உறிஞ்சி எடுத்து, பில்டரையும் மாத்தி, புது ஆயில் ஊத்தி ஓட்டிக்கோங்க. அடிக்கசடு கொஞ்சம் தங்கும், சீசன் முடிஞ்சதும் போல்ட்ட பாருங்க.

கேள்வி: பின்னாடி கியர் பாக்ஸ் பிளக்குல தலையே இல்ல, சதுரமா குழிதான் இருக்கு. எத போட்டு கழட்டறது?
— வாசகர், போச்சம்பள்ளி

பதில்: ஸ்குரூ டிரைவர் போட்டு நெம்பாதீங்க, குழி மூலை போச்சுன்னா அப்பறம் வெல்டிங்குதான். குழிய நல்லா சுரண்டி அளவெடுத்து லேத்துல குடுத்தா சதுரக் கம்பி ஒண்ணு கடைஞ்சு தருவாங்க, அத முழு ஆழத்துக்கு எறக்கி ஸ்பேனர் போடுங்க.

கேள்வி: செம்பு வாஷர் ஒவ்வொரு தடவையும் புதுசு வாங்கணுமா?
— வாசகர், பென்னாகரம்

பதில்: வாங்கறது நல்லது, வெலயும் பெருசில்ல. கெடைக்கலைன்னா பழச நெருப்புல செவக்க காய்ச்சி ஆற விடுங்க, செம்பு மறுபடி மெதுவாயிடும், பள்ளம் விழாம இருந்தா போடலாம். போல்ட்ட கையாலயே மரை பிடிக்கற வரைக்கும் ஏத்தி அப்பறம் ஸ்பேனர் போடுங்க, எம்-சீல் எல்லாம் பூச வேணாம், பூசுனா அடுத்த வருஷம் காரிமங்கலத்துக்காரர் கேட்ட கேள்விய நீங்க கேப்பீங்க.