மூன்றாவது லாரி இலை: டவுன் சிண்ட்ரோம் கேள்வி பதில்

மரபணு ஆய்வகத்தில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு இப்போது கோத்தகிரியில் இருக்கிறேன். இங்கே என்னிடம் வந்த கேள்விகளில் சில.

இலை பறிக்கும் ஒரு அம்மா: என் பையனுக்கு டவுன் சிண்ட்ரோம். வயிற்றில் இருந்தபோது நான் இலை மூட்டை சுமந்ததால் வந்ததா சார்?

இல்லம்மா. பெரும்பாலும் கருமுட்டை உருவாகும்போதே 21ஆம் குரோமோசோம் (ஜீன்களைச் சுமக்கும் இழைகளில் ஒன்று) சரியாகப் பிரியாமல் போய்விடுகிறது. அதனால் குழந்தைக்கு அது இரண்டுக்குப் பதில் மூன்று பிரதி வந்துவிடுகிறது, அதுதான் டவுன் சிண்ட்ரோம். நீங்கள் உண்டானது தெரிவதற்கு முன்பே முடிந்துபோன காரியம் அது. யார் என்ன சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஊட்டி கல்லூரி மாணவி: ஜீன் கெட்டுப்போகவில்லையே, ஒரு பிரதி கூடுதல், அவ்வளவுதானே? அதில் என்ன கெடுதல்?

நல்ல கேள்வி. 1952இல் நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் கண்டறிந்தார்களே அரிவாள் செல் என்ற ரத்த நோய், அதில் ஜீனில் ஒரே ஒரு எழுத்து தப்பு. இதில் எழுத்தெல்லாம் சரி, எண்ணிக்கைதான் தப்பு. 2 லாரி இலைக்குக் கட்டிய டீ ஃபேக்டரிக்குத் தினமும் 3 லாரி வந்தால்? வந்தது நல்ல இலைதான். ஆனால் வாட்ட இடமில்லாமல் குவிந்து, சூடேறிக் கெட்டுப்போகும். 21ஆம் குரோமோசோமில் புரதம் செய்யும் ஜீன்கள் மட்டும் 200க்கு மேல். அவற்றில் பலவும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வேலை செய்கின்றன.

ஓய்வுபெற்ற ஆசிரியர், குன்னூர்: அல்சைமருக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

ஏபிபி என்ற ஜீன் அந்தக் குரோமோசோமில்தான் இருக்கிறது. அதன் புரதத்தை வெட்டும்போது வரும் துண்டு அமிலாய்டு பீட்டா. அல்சைமர் வந்தவர்களின் மூளையில் படிந்திருப்பது அதுதான். டவுன் சிண்ட்ரோம் உள்ள ஏறக்குறைய எல்லோருடைய மூளையிலும் 40 வயதுக்குள் அது படிந்துவிடுகிறது. ஏபிபிதான் காரணம் என்று எப்படிச் சொல்வது? சில குடும்பங்களில் ஏபிபி மட்டும் இரட்டித்திருக்கிறது. டவுன் சிண்ட்ரோம் இல்லை, ஆனால் அல்சைமர் சீக்கிரமே வருகிறது. இதற்கு நேர்மாறாக, 1998இல் ஒரு மூதாட்டியைப் பற்றி எழுதினார்கள். டவுன் சிண்ட்ரோம் உண்டு, வயது 78. அவருக்கு 21ஆம் குரோமோசோம் முழுதாக அல்ல, ஒரு துண்டுதான் கூடுதல். அந்தத் துண்டில் ஏபிபி இல்லை, அல்சைமரும் இல்லை. எனக்கு இதைவிடப் பிடித்த சாட்சி வேறில்லை.

கை நடுக்கம் தரும் பார்க்கின்சன் நோயிலும் இதே கதைதான், ஜீன் சரி, எண்ணிக்கை கூடினால் நோய். 4ஆம் குரோமோசோமில் ஆல்ஃபா சைனுக்ளின் ஜீன் மும்மடங்கான குடும்பத்தை 2003இல் கண்டுபிடித்தார்கள்.

அதே மாணவி: அந்தக் கூடுதல் பிரதியை அணைத்துவிட முடியாதா?

2013இல் ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்களில் அணைத்துக் காட்டினார்கள். தட்டில் மட்டும்தான்.

ஒரு தம்பி, கூடலூர்: அக்கா மகனுக்கு 38 வயது, டவுன் சிண்ட்ரோம். கொஞ்ச நாளாகச் சுணங்கிப்போய் இருக்கிறான், மறதி வேறு. அல்சைமர்தானா அண்ணா?

இருக்கலாம். ஆனால் அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். இவர்களுக்குத் தைராய்டு குறைவது சகஜம். அதுவும் இப்படித்தான் மந்தமாக்கும், மாத்திரையில் சரியாகும். காது கேட்பது குறைந்திருந்தாலும், தூக்கத்தில் மூச்சு தடைபட்டாலும் இப்படி ஆகலாம். அப்புறம், வீட்டில் யாராவது இறந்த துக்கமாகக்கூட இருக்கும், அவனுக்குச் சொல்லத் தெரியாது. முதலில் தைராய்டுக்கான டிஎஸ்ஹெச் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள் தம்பி.