நேபாளத்தில் ட்ரெக்கிங் போக லைசென்ஸ் உள்ள கைடு கட்டாயம் வேண்டுமா?

சட்டப்படி கேட்டால், வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் வெளிநாட்டவர் கைடு இல்லாமல் ட்ரெக்கிங் போகக் கூடாது என்று நேபாள சுற்றுலா வாரியம் அறிவித்துவிட்டது. நமக்கு விசா வேண்டாம். அதற்காக நாம் உள்ளூர்க்காரர் ஆகிவிட மாட்டோம். சார்க் நாட்டவர் என்பதால் டிம்ஸ் அட்டைக்கு (ட்ரெக்கிங் போகிறவர்களைப் பதிவு செய்யும் அட்டை) 2000 நேபாள ரூபாய்க்குப் பதில் 1000 என்பது போல, சலுகை கட்டணத்தில்தான். எவரெஸ்ட் பக்கத்தில் கும்பு பாசாங் லாமு ஊராட்சி இந்த விதியை ஏற்கவில்லை; அங்கே பலர் தனியாகவே பேஸ் கேம்ப் போய் வருகிறார்கள். மனாஸ்லு, மேல் முஸ்டாங் போன்ற இடங்களில் இந்த அறிவிப்புக்கு முன்பிருந்தே கைடு இல்லாமல் பெர்மிட் கிடையாது.

ஆனால் நீங்கள் சட்டத்துக்காக மட்டும் கேட்டிருக்க மாட்டீர்கள். வெள்ளியங்கிரி ஏறியிருப்பீர்கள், ஃபோனில் மேப் இருக்கும், ஒரு நாளைக்கு 25, 30 டாலர் எதற்குத் தண்டம் என்று தோன்றியிருக்கும். "கைடே வேண்டாம், நான் தனியாகத்தான் போனேன்" என்று வீடியோ போடுபவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அன்னபூர்ணா மலைத்தொடரைச் சுற்றிவரும் ட்ரெக்குக்கு நானும் மச்சினனும் போனோம். பாதை கண்டுபிடிக்கக் கைடு தேவையில்லை, ஒப்புக்கொள்கிறேன். வழி நெடுக ஊர்களும் லாட்ஜுகளும், பாறைகளில் சிவப்பு வெள்ளைக் கோடுகளும் இருக்கின்றன. எங்கள் கைடு லம்ஜுங் பக்கத்துக் குருங் இனத்தவர், அதிகம் பேசமாட்டார். வழியில் மனாங் என்ற ஊரில், உடம்பு உயரத்துக்குப் பழக ஒரு நாள் கூடுதலாகத் தங்கியே ஆக வேண்டும் என்றபோது மச்சினனுக்கு எரிச்சல். கோவையில் மாரத்தான் ஓடுகிறவன், மூச்சு வாங்காமல் ஏறுகிறவன். உயர நோய் உடம்பில் தெம்பு இருக்கிறதா என்று பார்த்து வருவதில்லை. நீலகிரியின் உச்சியான தொட்டபெட்டாவே 2637 மீட்டர்தான். தோரோங் லா கணவாய்க்குக் கீழே கடைசியாகத் தங்கும் இடங்களில் ஒன்றான தோரோங் பேடி 4500 மீட்டரை ஒட்டி இருக்கிறது.

பேடி லாட்ஜில் சாயங்காலம் அவன் சாப்பாடு வேண்டாம் என்றான். "தலைவலிதான் மாமா, ஒரு டோலோ போட்டா சரியாயிடும்." கைடு ஒன்றும் சொல்லாமல் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜாக்கெட் ஜிப்பின் முனையைக் கொக்கியில் நுழைக்க முடியாமல் அவன் திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டிருந்தான். முற்றத்துக்குக் கூட்டிப்போய், கல் பாவிய கோட்டின் மேல் ஒரு காலின் குதிகாலை இன்னொரு காலின் விரலோடு ஒட்டி நடக்கச் சொன்னார். நாலாவது அடியில் பக்கவாட்டில் சாய்ந்தான். மூளையில் நீர் கோக்க ஆரம்பித்ததற்கு அது அடையாளம்.

"இப்பவே கீழே" என்றார் கைடு. மச்சினன் கத்தினான், காசு கொடுத்தது நாங்கள், விடிந்ததும் கணவாய் ஏறுவோம் என்றான். அந்த மனிதர் எதிர்த்துக் கத்தவில்லை. அவன் பையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். பேடிக்குக் கீழே மண் சரிகிற பகுதி ஒன்று உண்டு, பகலிலேயே நிற்காமல் கடக்கச் சொல்வார்கள். அதை டார்ச் வெளிச்சத்தில், அவன் இடுப்பு பெல்ட்டைப் பிடித்தபடி கடத்தினார். கீழே யாக் கார்க்கா என்ற ஊரில் இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டுத் தூங்கினான். காலையில் பூண்டு சூப் கேட்டான். மனாங்கில் ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் மருத்துவர், இரவு அங்கேயே படுத்திருந்தால் காலையில் எழுப்ப முடிந்திருக்காது என்றார். தோரோங் லாவைக் கடக்கவில்லை. போக்ராவிலிருந்து ஜீப்பில் முக்திநாத் போனோம். திருச்சாளக்கிராமம் என்று 108 திவ்ய தேசத்தில் வருகிற அதே தலம். அங்கே என் மாமியார் பெயரில் அர்ச்சனை செய்தது மச்சினன்தான்.

கைடு ஏஜென்சிக்கு விளம்பரம் என்று யாரும் கிளம்பி வர வேண்டாம், எனக்கு ஐந்து பைசா வருமானம் கிடையாது. 2014 அக்டோபரில் ஹுட்ஹுட் புயலின் மிச்சம் தோரோங் லாவில் பனியாகக் கொட்டி 40 பேருக்கு மேல் இறந்தபோது கைடுகளும் இறந்தார்கள் என்பீர்கள், உண்மை. தேவையே இல்லாமல் ஹெலிகாப்டர் வரவழைத்து இன்சூரன்ஸ் பணத்தில் பங்கு பிரித்த மோசடி 2018-ல் வெளியே வந்தது, அதுவும் உண்மை. எங்கள் ஆள் நடத்தியே இறக்கினார். ஆல்ப்ஸில் மோன் ப்ளாங்கைச் சுற்றிக் கைடு இல்லாமல் தாராளமாகப் போகலாம், அந்த உயரம் வேறு. கிளிமஞ்சாரோவிலும் இன்கா பாதையிலும் அந்த நாடுகளே விடமாட்டா.

இன்சூரன்ஸ் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். ட்ரெக்கிங்குக்கும் பொருந்தும் என்று சொல்லித்தான் பாலிசி விற்றார்கள். மருத்துவச் செலவும் ஜீப் செலவும் கேட்டபோது, குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் செல்லாது என்று பொடி எழுத்தில் இருக்கிறதாம். விற்ற பையன் ஃபோனை எடுக்கவே இல்லை, குறை தீர்க்கும் பிரிவு ஒரே பதிலை மூன்று முறை அனுப்பியது. இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது.

கைடு வைத்தால் லைசென்ஸ் அட்டையைக் காட்டச் சொல்லுங்கள்; ஏஜென்சி அவருக்கும் போர்ட்டருக்கும் காப்பீடு எடுத்திருக்கிறதா என்று கேளுங்கள். உங்கள் பாலிசி எத்தனை மீட்டர் வரை செல்லும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். தோரோங் லா 5416 மீட்டர். அதற்குக் கீழ் எந்த எண் போட்டிருந்தாலும் அந்தப் பாலிசியை எடுக்காதீர்கள்.