ஆண்மைக் குறைவுக்கான ஆபரேஷனுக்கு மெடிக்கல் இன்சூரன்ஸ் பணம் தருமா?

சர்க்கரை நோயால் விறைப்பின்மை (எரெக்டைல் டிஸ்ஃபங்ஷன்), மாத்திரை கேட்கவில்லை, ஆணுறுப்புக்குள் இம்ப்ளான்ட் வைக்கலாம் என்று யூராலஜிஸ்ட் சொல்கிறார், கிளெய்ம் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெயர் போடாமல் எழுதுகிறேன், மன்னிக்கவும். எனக்குக் கிடைத்தது. ஆனால் ஏழு மாதம் இழுத்தது. அதில் பாதி என் வெட்கத்தால் வந்த இழுபறி.

முதலில் பாலிசிப் புத்தகத்தை எடுத்து ‘எக்ஸ்க்ளூஷன்’ பகுதியை, அதாவது எதற்கெல்லாம் பணம் கிடையாது என்ற பட்டியலை, நீங்களே படியுங்கள். என் ஏஜென்ட் புத்தகத்தைத் திறக்காமலே “அதெல்லாம் வராது சார்” என்றார். சில கம்பெனிகள் பாலியல் குறைபாடுகளுக்கான சிகிச்சை கிடையாது என்று நேரடியாகவே அச்சடித்திருப்பார்கள். அந்த வரி இருந்தால் அநேகமாகக் கைக்காசுதான். என் நண்பர் ஒருவருக்கு அப்படித்தான் ஆனது. என் பாலிசியில் அந்த வரி இல்லை. 2015இல் எடுத்தது, எடுக்கும்போதே சர்க்கரை இருப்பதை எழுதிக் கொடுத்திருந்தேன். அதனால் முன்பே இருந்த நோய், காத்திருப்புக் காலம் என்றெல்லாம் சொல்லி அவர்களால் தட்டிக்கழிக்க முடியவில்லை.

இம்ப்ளான்டில் இரண்டு வகை. வளைத்து நிமிர்த்திக்கொள்ளும் இரட்டைக் கம்பி ஒன்று. விதைப்பைக்குள் பம்ப்பும் அடிவயிற்றில் திரவப் பையும் வைத்து, வேண்டும்போது நிரப்பிக்கொள்வது இன்னொன்று. எனக்குச் சொன்ன மதிப்பீடு முதல் வகைக்கு ஒன்றேமுக்கால் லட்சம், பம்ப் வகைக்கு ஆறரை லட்சம். நான் கம்பியோடு நிறுத்திக்கொண்டேன். எதை வைத்தாலும் பழைய நிலைக்குத் திரும்ப வழியில்லை, அதனால் மற்ற வைத்தியங்களைப் பார்த்து முடித்த பிறகுதான் டாக்டர்கள் இதற்கு வருவார்கள். என் எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு) 9.4 இருந்ததால், கிருமித் தொற்று வந்தால் கம்பியையே எடுக்க வேண்டியிருக்கும் என்று என் டாக்டர் நாலு மாதம் தள்ளிப்போட்டார்.

‘பார்த்து முடித்த பிறகு’ என்பதைக் காகிதத்தில் காட்ட வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. ஒன்றரை வருடம் சில்டெனாஃபில், டடாலஃபில் என்று விறைப்புக்கான மாத்திரை எல்லாம் சாப்பிட்டேன். வாங்கியது எங்கே? எங்கள் ஏரியா மெடிக்கலில் தெரிந்த முகம் என்று பஸ் ஸ்டாண்ட் பக்கம் போய், ஹெல்மெட்டைக் கழற்றாமல், பில் வேண்டாம் என்று சொல்லி வாங்கினேன். அதற்கும் முன்னால் லாட்ஜில் முகாம் போட்ட வைத்தியரிடம் லேகியத்துக்கு 18,000 ரூபாய் அழுதிருக்கிறேன், அது தனிக் கதை. முந்தைய சிகிச்சைக்கான ஆதாரம் எங்கே என்று கம்பெனி கேட்டபோது என்னிடம் இருந்தது ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஒரு டாப்ளர் ஸ்கேன் ரிப்போர்ட் மட்டும். நல்லவேளை, டாக்டர் தன் பதிவேட்டைப் பார்த்து எந்தத் தேதியில் என்ன மாத்திரை, எப்போது ஊசி, ஏன் பலன் இல்லை என்று லெட்டர்ஹெட்டில் ஒரு பக்கம் எழுதித் தந்தார். என்னைக் காப்பாற்றியது அந்த ஒரு பக்கம்தான். உங்கள் டாக்டரிடம் இப்போதே கேட்டு வாங்குங்கள். காரணம் சர்க்கரை நோயால் வந்த ரத்தக்குழாய், நரம்புப் பாதிப்பு என்பது அதில் தெளிவாக இருக்கட்டும்.

ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் கவுண்டரில் இருந்த பெண் ஃபார்மைப் பார்த்துவிட்டு, “சார், டயக்னோசிஸ் எரெக்டைல் டிஸ்ஃபங்ஷன்தானே?” என்று கணீரென்று கேட்டார். பின்னால் வரிசையில் ஆறு பேர். நான் “ஆமாம்மா” என்றேன், குரலே வரவில்லை. என் மனைவி முன்னால் வந்து, “ஆமா, அதேதான், போடுங்க” என்றாள். அடுத்த பத்து நிமிடத்தில் யாரும் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கேஷ்லெஸ், அதாவது கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேரடியாகப் பணம் கட்டுவதை, மறுத்துவிட்டார்கள். அதற்காகக் கிளெய்மே போயிற்று என்று அர்த்தமில்லை. நகையை அடகு வைத்துப் பணம் கட்டி, பிறகு கட்டியதைத் திருப்பிக் கேட்டு ரீஇம்பர்ஸ்மென்ட் போட்டோம். அதையும் நிராகரித்தார்கள். காரணம் ‘எக்ஸ்க்ளூஷன் 17, மலட்டுத்தன்மை’. எனக்குக் கல்லூரி போகிற பிள்ளைகள் இரண்டு பேர்! அந்த ஷரத்தில் இருப்பது கருத்தடை, செயற்கைக் கருத்தரிப்பு, வாடகைத் தாய், கருத்தடையை மாற்றும் ஆபரேஷன் இவைதான். விறைப்பின்மை என்ற சொல்லே கிடையாது. இதை வரி வரியாக எழுதி, டாக்டர் கடிதத்தையும் இணைத்து, கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்பினேன். அதே பதில் திரும்பி வந்தது.

அப்புறம் சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனுக்கு, அதாவது இன்சூரன்ஸ் கம்பெனிகள் மீதான புகாரை விசாரிக்கும் அதிகாரியிடம், போனேன். தமிழ்நாட்டுக்கும், புதுச்சேரி நகரம், காரைக்காலுக்கும் அதுதான். கட்டணம் இல்லை, வக்கீலும் வைக்க முடியாது. முதலில் கம்பெனியிடம் புகார் கொடுத்திருக்க வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தியில்லை என்றாலோ ஒரு வருடத்துக்குள் இங்கே போகலாம். விசாரணைத் தேதி வருவதற்குள் கம்பெனியே “மறுபரிசீலனை செய்கிறோம்” என்று மெயில் அனுப்பியது.

வேறு ஏதாவது நோய்ப் பெயர் போட்டுக் கிளெய்ம் வாங்கித் தருவதாக யாராவது சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள். என்னிடமும் ஒருவர் சொன்னார். அது மோசடி, பிடிபட்டால் இந்தக் கிளெய்ம் மட்டுமல்ல, பாலிசியே ரத்தாகும். சர்க்கரைக்காரனுக்கு ஐம்பத்தொரு வயதில் புதிய பாலிசி யார் தருவார்கள்?

கடைசியில் பணம் வந்தது, 11,340 ரூபாய் பிடித்தம் போக. கையுறை, ரேசர், டயட்டீஷியன் ஆலோசனை என்று பட்டியல் போட்டிருந்தார்கள். ரேசருக்கு நான் சண்டைக்குப் போகவில்லை.