சனி இரவு கடல், ஞாயிறு பூசை

கேள்வி: என்ர மனுசன் சனி இரவு கடலுக்குப் போனால் ஞாயிறு ஒன்பது மணிக்குத்தான் கரை சேருவார். பூசைக்கு வாறதில்லை என்று அயலில் கதைக்கிறார்கள். இது பாவமா?
— வாசகி, திருகோணமலை

பதில்: தங்கச்சி, அந்தக் கதையை விடுங்கள், அவர்களுடைய குசினிச் சட்டியில் கொதிக்கிற சூரை மீன் யார் பிடித்ததாம்? கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் 1248 சனி மாலைப் பூசையையும் ஞாயிறு கடனாகவே எடுத்துக்கொள்கிறது, ஆகவே பின்னேரமே வலையை வள்ளத்தில் ஏற்றி வைத்துவிட்டு, சாரத்தை மாற்றிக்கொண்டு கோயிலுக்கு ஒரு எட்டுப் போய்வந்து கடலுக்கு இறங்கலாம். அதுவும் சரிவராதென்றால் பங்குச் சுவாமியிடம் நேரே கதையுங்கள், தக்க காரணம் இருந்தால் விலக்குக் கொடுக்க அவருக்கு அதிகாரம் உண்டு. பேதுருவும் அந்திரேயாவும் வலை வீசிக்கொண்டு நின்ற இடத்தில்தானே இயேசுவால் அழைக்கப்பட்டார்கள். பிறகு, பக்கத்து வீட்டுக் கிழவிக்கு ஒரு கோர்வை மீன் கொடுத்தனுப்புவதாக எழுதியிருந்தீர்கள், கோபத்தில் அதை நிறுத்திப்போடாதீர்கள்.