பதினோரு காரணம் எழுதியும் கட்டுரை ஆகவில்லையே, ஏன்?

கேள்வி: கல்லூரியில் முதலாண்டு படிக்கிறேன். ‘2015 சென்னை வெள்ளம்: காரணங்களும் விளைவுகளும்’ என்று கட்டுரை கேட்டிருந்தார்கள். தேடிப் பிடித்துப் பதினோரு காரணங்களும் ஒன்பது விளைவுகளும் எழுதினேன். ‘இது பட்டியல், கட்டுரை அல்ல’ என்று சிவப்பு மையில் குறித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார் பேராசிரியர். தகவல் எதுவும் தவறு என்று அவர் சொல்லவில்லை. எதை மாற்றி எழுதுவது?

பதில்: பேராசிரியர் தேடியது, காரணத்துக்கும் விளைவுக்கும் நடுவே என்ன நடந்தது என்பதை. அதுதான் உங்கள் தாளில் இல்லை.

ஒரு சின்ன விளைவை எடுத்துக்கொள்வோம். 2015 டிசம்பர் 2 அன்று ‘தி இந்து’ ஆங்கில நாளிதழின் சென்னைப் பதிப்பு அச்சாகவில்லை. 1878இல் தொடங்கிய பத்திரிகைக்கு இப்படி நேர்ந்தது அதுவே முதல்முறை என்று அப்போது பெரிதாகப் பேசப்பட்டது. ‘வெள்ளத்தால் பத்திரிகை வெளிவரவில்லை’ என்று நீங்கள் எழுதினால், அச்சகத்துக்குள் தண்ணீர் புகுந்து இயந்திரம் நனைந்துவிட்டது என்றுதான் படிப்பவர் நினைப்பார். சொல்லப்பட்ட காரணமோ வேறு. அச்சகம் நகரத்தைத் தாண்டி மறைமலை நகரில் இருக்கிறது; வழியெல்லாம் தண்ணீர், அச்சு ஊழியர்களால் அங்கே போய்ச்சேர முடியவில்லை. இந்த ஒரு கண்ணியைச் சேர்த்ததும் வாக்கியம் விளக்கமாகிவிடுகிறது. உங்கள் பதினோரு காரணங்களையும் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: ‘எப்படி?’ பதில் சொல்ல முடியாததை அடித்துவிடுங்கள். நான்கு மிஞ்சினால் போதும்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ‘சென்னை வெள்ளம்’ என்பது ஒரே நிகழ்ச்சி அல்ல. நவம்பரிலேயே புறநகர்ப் பகுதிகள் மூழ்கின. டிசம்பர் 1 இரவு அடையாறு கரைமீறி சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் பக்கம் புகுந்தது வேறு கதை. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டினால் காரணங்கள் கலந்துவிடும். இதற்கு நல்ல உதாரணம் பள்ளிக்கரணை. இந்தத் தலைப்பில் நான் படித்த மாணவர் கட்டுரைகளில் ‘பள்ளிக்கரணை சதுப்பு நிலம் சுருங்கியது’ என்ற வரி கட்டாயம் இருக்கும். சுருங்கியது உண்மை. ஆனால் அந்தச் சதுப்பு நிலத்துத் தண்ணீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய் கோவளம் பக்கம் கடலில் சேர்வது. அடையாற்றில் விழுவதில்லை. வேளச்சேரியில் தண்ணீர் நின்றதற்கு அதைச் சொல்லலாம். சைதாப்பேட்டையில் வீடு மூழ்கியதற்குச் சொன்னால் கண்ணி அறுந்துவிடும். வரைபடத்தை ஒருமுறை பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். எனவே தலைப்பை நீங்களே குறுக்கிக்கொள்ளுங்கள்: ‘டிசம்பர் 1 இரவு அடையாற்றங்கரை ஏன் மூழ்கியது?’ இப்படி ஒரே கேள்வியாக இருந்தால்தான் எந்தக் காரணம் உள்ளே வரும், எது வராது என்று முடிவெடுக்க முடியும்.

இனி காரணங்களைத் தரம் பிரிப்பது. அந்த நவம்பரில் மட்டும் சென்னையில் 100 செ.மீ.க்கு மேல் மழை பெய்திருந்தது. மண் நனைந்து ஊறிக் கிடந்தது. ஏரிகளில் இடம் குறைந்திருந்தது. இது களத்தைத் தயார்செய்த காரணம். அதன்மேல் டிசம்பர் 1 காலையிலிருந்து 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. கொட்டியது. இது உடனடிக் காரணம். முதலாவது இல்லாமல் இரண்டாவது மட்டும் வந்திருந்தால் இவ்வளவு சேதம் ஆகியிருக்குமா என்று கேளுங்கள். அந்தக் கேள்விதான் காரணத்தை எடைபோடும் தராசு. அந்த ஆண்டு பசிபிக் கடலில் வலுவான எல் நினோ (கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் நிலை) இருந்தது. அது தூரத்துக் காரணம். நான்கு பக்கக் கட்டுரையில் அதற்கு ஒரு வரி போதும். பசிபிக்கில் தொடங்கினால் சைதாப்பேட்டைக்கு வருவதற்குள் தாள் தீர்ந்துவிடும்.

அடுத்தது, உபரித் தண்ணீரை அடையாற்றில் விடும் செம்பரம்பாக்கம் ஏரி. அன்று ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டதாக அரசே சொன்னது. 2018இல் சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை ஏரி நிர்வாகத்தைக் குறைகூறி, இதை மனிதரால் நேர்ந்த பேரிடர் என்றது. மறுபக்கம், அடையாறு செம்பரம்பாக்கத்துத் தண்ணீரை மட்டும் சுமக்கவில்லை. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரியும் அதில்தான் வந்து விழுகிறது. ஆகவே ‘ஏரியைத் திறந்ததுதான் காரணம்’ என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதாதீர்கள். ஏரித் தண்ணீருக்குப் பெரிய பங்கா, சிறிய பங்கா என்று வாதிடுங்கள். கட்டுரையின் பாதி இடத்தை இந்தப் பகுதிக்கே கொடுக்கலாம். வாதம் இங்கேதான் இருக்கிறது.

காகம் உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பார்களே, அந்தப் பிழையைத் தமிழில் எழுதும்போது நாம் தெரியாமலே செய்துவிடுகிறோம். நம் வினையெச்சம் அப்படிப்பட்டது. ‘சாப்பிட்டுப் படுத்தான்’ என்றால் முன் பின் மட்டும். ‘மழை பெய்து நெல் விளைந்தது’ என்றால் காரணமும் சேர்ந்துகொள்கிறது. உருவம் ஒன்றுதான். பேச்சில் சூழல் புரியவைத்துவிடும். கட்டுரையில் நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும். முன் பின் மட்டும் என்றால் ‘பிறகு’ போடுங்கள். காரணம் என்றால் ‘பெய்ததால்’ என்று வெளிப்படையாக எழுதுங்கள். அவசரத்தில் அது ‘பெய்தால்’ என்று விழுந்துவிட்டால், நடந்து முடிந்த காரணம் நடக்கக்கூடிய நிபந்தனையாகிவிடும். பிழை திருத்தும்போது இதைத் தனியாகத் தேடுங்கள். பத்திக்குப் பத்தி ‘எனவே’ போடும் பழக்கமும் வேண்டாம். எதிலிருந்து எது வந்தது என்று தெரிந்தால் அந்தச் சொல் தேவைப்படாது. (என் கல்லூரிக் காலக் கட்டுரை ஒன்றில் ஒரே பக்கத்தில் ஏழு ‘ஆகவே’ இருந்தன.)

விளைவுகளில் ஒன்பதும் வேண்டாம். இரண்டு போதும், ஆனால் ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று படி தொடர்ந்து போங்கள். விமான நிலையம் சில நாள் மூடிக் கிடந்தது என்று நிறுத்தாமல், அடையாறு அதன் ஓடுபாதைக்கு அடியிலேயே பாலத்தின்கீழ் ஓடுகிறது என்பதையும் சேர்த்தால், அந்த விளைவு நீங்கள் எடுத்த கேள்வியோடு ஒட்டிக்கொள்ளும்.

வரிசை உங்கள் விருப்பம். காரணத்திலிருந்து விளைவுக்கு வரலாம். விளைவில் தொடங்கிப் பின்னோக்கியும் போகலாம். இந்தத் தலைப்புக்கு நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன்: வராத நாளிதழில் தொடங்கி, மூழ்கிய சாலை, கரைமீறிய ஆறு, நவம்பர் மழை என்று.

முடிவுரையில் ‘மரம் நடுவோம், மழைநீர் சேமிப்போம்’ என்று எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கேள்வி தீர்வைக் கேட்கவில்லை. அந்தப் பத்தியை எடுத்துவிட்டு, மிச்சமாகும் இடத்தைச் செம்பரம்பாக்கத்துக்குக் கொடுங்கள்.